கார்மே சொன்ன சொல்

செபமாலைமுத்து அண்ணை இன்றைக்குப் புது டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பதினொரு மணிக்கு அவருக்கு உதவி மனேஜர் வேலைக்கான நேர்முகம். முதியோர் இல்லத்தின் லோண்டரி வாசலில் நின்று, "பியற்றிஸ், எனக்காக ஒரு செபம் சொல்லும்" என்றார். சொன்னேன். அவர் நினைத்த செபம் இல்லை.

போன மாதம் மன்னாரில் அம்மா செத்துப்போனா. எனக்குப் போகக் கிடைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையாவது இங்கே ஸ்ட்ரெதம் கோயிலில் வைப்போம் என்று லீவு கேட்டேன். அப்படி ஒரு வழக்கம் உண்டோ என்று மனேஜர், ஷிப்ட் போடுகிற இவரிடம் விசாரித்திருக்கிறா. ஷிப்டுக்கு ஆள் காணாதென்று, "எங்கட கத்தோலிக்க ஆக்களிட்ட அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டாராம். பாவி! கோயிலில் சுவாமியார் அம்மாவின் பெயரை வாசித்த நேரம் நான் லோண்டரியில் ஆரோ ஒருவரின் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டு நின்றேன்.

என்னோடு விரிப்பு மடிக்கிற கார்மே ஸ்பெயினின் கலீசியாக்காரி. ஊரில் லத்தீன் படிப்பித்தவள்.

"முறைப்பாடு எழுது" என்றாள். "எங்கட பாஷையில அது கேய்ஷா. ஸ்பானிஷில கேஹா. நோவில அனுங்கி முனகிறதுக்கும் அதே சொல்லுத்தான்."

"அனுங்கி என்ன வரப்போகுது?"

"பழைய லத்தீனில அதுக்கு அடிச்சு நொறுக்கிறது எண்டு அர்த்தம். அழுகையெல்லாம் பிறகு வந்தது."

"அப்ப நான் பழைய அர்த்தத்திலயே எழுதுறன்."

எழுதினேன். கூடவே ஒரு படமும் வைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன் கோயில் மண்டபத்தில் என் மனுசனின் முப்பத்தோராம் நாள். சுவரில் 'முப்பத்தோராம் நாள் நினைவு' என்று ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதிக் கட்டியிருந்தோம். அதற்கு நேர்கீழே செபமாலைமுத்து அண்ணை, தட்டில் நாலு கட்லட், வாயில் ஒன்று. கடித உறையை நக்கி இறுக்கி ஒட்டினேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க அண்ணை மறுபடி வந்தார். "டை நேரா இருக்கோ?"

"கொஞ்சம் சரிவு அண்ணை." நானே நேராக்கிவிட்டேன். உறையையும் நீட்டினேன். "மனேஜரிட்டத்தானே போறியள்? இதையும் குடுத்துவிடுங்கோ. லீவு விசயம்."

"இன்னும் அதை விடேல்லையோ நீர்?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

உறை கசங்காமல் பைலுக்குள் வைத்துக்கொண்டு படியேறினார். கார்மே விரிப்பின் மறு முனையைப் பிடித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்து உதறினோம். மேலே அவர் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.