தோளில் இருந்த கை

வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், பெரிய சிஸ்டர் ஊசியோடு பக்கத்தில் வந்ததும் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க வேணாம். அந்தச் சின்ன சிஸ்டரைப் போடச் சொல்லுங்க" என்றாள். பிரசவ வார்டில் பெரிய சிஸ்டருக்கு இருபத்தாறு வருடம், எனக்கு நான்கு. நரம்பு கிடைக்காத கையில்கூட முதல் குத்திலேயே ஏற்றிவிடுவார். அவர் ஊசித் தட்டை என்னிடம் நீட்டினார்.

வெளியே அந்தப் பெண்ணின் கணவன் போனைக் காட்டினான். பெரிய சிஸ்டர் சிரிக்கும் படம். மேலே சிவப்பு எழுத்தில், 'நம் பெண்களுக்கு மலட்டு ஊசி போடுகிறவள் இவள். ஓட்டுப் போடும் முன் யோசியுங்கள்.' தேர்தலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "எங்க தெரு குரூப்ல நேத்திலேருந்து சுத்துது சிஸ்டர். பொய்யாவே இருக்கட்டும், நான் எப்படித் துணிவேன்?" என்றான். கெட்டவனாகத் தெரியவில்லை. முதல் பிள்ளையின் பயம் முகத்தில் அப்பிக்கிடந்தது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டியது போக, பெரிய சிஸ்டரின் தோளில் ஒரு கை மிச்சமிருந்தது. மணிக்கட்டில் கண்ணாடி கீறிய வாட்ச். என் கை. போன மாதம் அவர் பிறந்தநாளுக்கு ஓய்வறையில் எடுத்த படம். என் போனில் மட்டும்தான் இருந்தது. அவருக்குக்கூட இன்னும் அனுப்பவில்லை.

வீட்டில் தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். டிசைன் படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவனுக்கு, இந்தத் தேர்தலில்தான் ஒரு கட்சி அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது.

"அந்தப் படம் ஏதுடா?"

அவன் திரும்பவில்லை. "மேட்டர் அவங்க குடுத்தது. ஒரு நர்ஸ் படம் வேணும், வேற மதத்து ஆளா இருக்கணும்னாங்க. உன் போன்ல இருந்துச்சு."

"போன வருஷம் நீ காய்ச்சல்ல கிடந்தப்ப ரெண்டு வேளையும் வீட்டுக்கே வந்து ஊசி போட்டது யாரு?"

"பேரு போடலையே அக்கா. எலெக்‌ஷன் முடிஞ்சா எவன் ஞாபகம் வச்சிருக்கப் போறான்."

கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, அழித்துவிட்டேன் என்றான். அவன் போட்ட இடத்தில் அழித்திருந்தான். அதற்குள் அது எத்தனை வீட்டுக்குள் போயிருக்கும் என்று அவனுக்கும் தெரியாது.

அடுத்த வாரத்தில் மூன்று குடும்பங்கள் புகார் கொடுத்தன. "உங்க பாதுகாப்புக்காகத்தாம்மா" என்று சொல்லி, தலைமை மருத்துவர் பெரிய சிஸ்டரைக் கீழே, கட்டுத்துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. மூன்றாம் நாள் போய்க் கதவோரம் நின்றேன்.

"சிஸ்டர், அந்தப் படம்..."

"உன் கை எனக்குத் தெரியாதா" என்றார், நிமிராமல். "தம்பிதானே?"

தலையாட்டினேன்.

"என் பொண்ணு காலேஜுக்குப் போகமாட்டேங்கறா. அவகிட்ட நான் என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே பதில் தெரியாமல் கேட்டார். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நான் மடித்ததை எடுத்து அடுக்கவும் இல்லை. அப்போது மாடியில் ஏதோ ஒரு குழந்தை முதன்முதலாக வீறிட்டது. பெரிய சிஸ்டரின் கைகள் நின்றன. கண்கள் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போயின. பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்வதுபோல் உதடுகள் மெல்ல அசைந்தன.