கூடை திறந்த கை

கொழும்பில் ஆறு மாதம் உட்கார்ந்து நிரஞ்சன் வடிவமைத்த செயற்கைக் கையை வினோதா மயிரளவும் மதிக்கவில்லை. அதற்கு வடிவான நகங்கள் வேறு. தேயிலைச் செடிக்கு நகம் எதற்கு?

இரண்டு வருடத்துக்கு முன் தொழிற்சாலை ரோலர் அவளுடைய இடது கையை மணிக்கட்டுக்கு மேல்வரை தின்றிருந்தது. இன்று மாலைக்குள் பதினாறு கிலோ கொழுந்து எடுத்துக் காட்டினால் மறுபடி பேர் பதிவார்கள். தவறினால் வேலையில்லை, வேலையில்லாதவளுக்குத் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் இல்லை.

கையின் சூட்சுமம் எளிது. வலத்தோளைச் சுற்றிய பட்டையிலிருந்து ஒரு கம்பி முதுகின் குறுக்கே ஓடி இடக்கை விரல்களுக்குப் போகிறது, சைக்கிள் பிரேக் போல. தோளை முன்னே தள்ளினால் கம்பி இழுபட்டு விரல் திறக்கும். தளர்த்தினால் ஸ்பிரிங் மூடிவிடும்.

காலையில் கை ஒழுங்காக மூடித் திறந்தது. கூடை பாதி நிறைந்ததும் விரல்கள் தாமாக விரிந்து, மூட மறுத்தன. வலக்கை கிள்ளிக் கொடுத்த கொழுந்தெல்லாம் காலடியில் உதிர்ந்தது.

"பெல்ட்டைக் கொஞ்சம் லூஸாக்குவம் அக்கா," என்றான் கொழும்பிலிருந்து வந்திருந்த நிரஞ்சன்.

"சார், கூடைய எங்க மாட்டுவோம்?"

"தலையில."

"கயிறுதான் தலையில. கூடை?"

அவன் எட்டிப் பார்த்தான். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை சோலைமலை சிரித்துவிட்டார். "முதுகுல சார்! ஒங்க கம்பி மேலயே ஏறி உக்காந்திருக்கு."

"கூடையோட நாங்க டெஸ்ட் பண்ணல்ல..."

"பின்ன என்னத்தப் பண்ணுனீங்க?" என்றாள் வினோதா.

"கோப்பை தூக்கிப் பார்த்தோம். கை குலுக்கிப் பார்த்தோம்."

"யாருக்கு நா கை குடுக்க? தொரைக்கா?"

மத்தியான நிறுவையில் ஆறு கிலோதான். வினோதா சாப்பிடவில்லை. தோளைச் சுற்றிய பட்டையைக் கழற்றி எறிந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் ஒரு துண்டு கிழித்து, இடது முழங்கைக்கு மேலே இறுகக் கட்டி, கம்பியின் நுனியை அதில் முடிந்தாள். கம்பி இப்போது முழங்கையின் வெளிப்புறமாக ஓடியது. கை நீண்டிருந்தால் கம்பி தளர்ந்து விரல் மூடியிருக்கும். கை மடங்கினால் முழங்கை முட்டி கம்பியை இழுக்கும், விரல் திறக்கும். செடிமேல் கை நீளும்போது வலக்கை கொழுந்தை விரலிடுக்கில் திணிக்கலாம். தோளுக்குப் பின்னே வீசக் கை மடங்கும்போது அது கூடையில் கொட்டிவிடும்.

"அப்படி மாத்தினா கேரண்டி இல்ல அக்கா!"

"இதுக்கு முன்ன இருந்திச்சோ?"

மாலைத் தராசைச் சோலைமலை இரண்டு தரம் பார்த்தார். "காலையோட சேத்துப் பதினேழு. நாளைக்குக் காலையில பேர் பதியப் பெரட்டுக்கு வந்துரு புள்ள."

நிரஞ்சன் அளவுநாடாவோடு நெருங்கினான். "அக்கா, அந்த முடிச்சு எத்தனை சென்டிமீட்டர் மேல?"

"நாளைக்கி எனக்கு வேல இருக்கு சார். அளக்கணும்னா ஒரு கூடைய மாட்டிக்கிட்டுப் பின்னாலயே ஏறி வாங்க."