உள்பக்கத் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை பிறந்தது பக்தியில் அல்ல, அச்சகத்தில். இதை எழுதுகிற நம் ஆள் அங்கே பிழை திருத்துகிறவர். (நம் ஆள் என்பது நான்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.) மதங்களின் வெள்ளக் கதைகளைத் தொகுத்த தடிப் புத்தகம் ஒன்று அவர் மேசைக்கு வந்தது. ஒரு கதையில் மீன் படகை இழுத்துப் போகிறது. ஒன்றில் தார் பூசிய பேழை. ஒன்றில் மகன் மலையேறித் தப்பிக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு அலையோடு போகிறான். தண்ணீருக்குத்தான் எத்தனை பெயர்கள்: பிரளயம், ஊழிவெள்ளம், ஜலப்பிரளயம். ஏறியவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஏறாதவர்களுக்கு ஒரே சொல்: 'மற்றவர்கள்'. நம் ஆள் அங்கே பென்சிலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

2

முதல் தொடக்கம்: "ஆதியில் மழை பெய்தது. பேழைக்கு ஆணி அடித்த தச்சன்..." [விட்டாச்சு. தச்சனைக் காட்டித் தப்பிக்கிற வேலை என்று மனைவி சொல்லிவிட்டார்.]

இரண்டாவது: "கதவு தானாகச் சாத்திக்கொண்டது." [பொய்.*]

* ஒரு வேதத்தில் பேழையின் கதவைச் சாத்துவது கடவுளே. கொடுத்துவைத்த பேழைக்காரர்.

3

உண்மை இது. நாலு வருடத்துக்கு முன் தெருவில் வெள்ளம் வந்த காலையில், மாடிப்படியின் கீழ்க்கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது நம் ஆள். கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் மூன்று தடவை தட்டினார். திறந்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்று நம் ஆள் திறக்கவில்லை. மாடிக்குத் தண்ணீர் வரவே இல்லை. தையல்காரர் கடைக்குத் திரும்பி, வெட்டுமேசை மேல் ஏறி, மார்பளவுத் தண்ணீரில் மதியம் வரை நின்றார். காற்றில் கதவு இறுகிப்போயிற்று என்று அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நம் ஆளோ மாதம் ஒரு பேன்ட்டை, நல்ல அளவில் இருப்பதைக்கூட, அவரிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்கிறார். மன்னிப்பு கேட்க மட்டும் வாய் வரவில்லை.

4

அச்சகத்துக்காரர்கள் எதையும் கழிவுத்தாளில்தான் சுற்றுவார்கள். போன வாரம் பேன்ட்டைச் சுற்றிக் கொடுத்த தாள், மேலே நீங்கள் படித்த மூன்றாம் பகுதி. பிழை திருத்துவதையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இன்று மழை. நம் ஆள் குடையில்லாமல் போய்க் கடை வாசலில் நின்றார். தையல்காரர் தாளை நீட்டினார். சாக்பீஸால் ஒரே ஓர் இடத்தில் அடித்திருந்தது.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க அண்ணா. மூணு தடவைன்னுதான் தப்பா போட்டிருக்கீங்க. கை மரத்துப்போற வரைக்கும் தட்டினேன்."

[நம் ஆள் பழக்க தோஷத்தில் சட்டைப் பையில் பென்சிலைத் தேடினார்.]

"உள்ள நீங்க இருமினது கேட்டுச்சு. காத்துன்னு நான்தான் சொல்லிவச்சேன். ஒரே கட்டடத்துல மேலயும் கீழயும் இருக்கணுமே."

மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூல் மேலிருந்த துணிகளை ஒதுக்கினார்.

"நனையாதீங்க. உள்ள வாங்க."

5

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. உள்ளே போய்க் காலில் விழுந்து அழுகிறார்: நாடகம். பேன்ட்டை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறார்: அது பழைய கதை. மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வசதிப்படாது, நான் இன்னும் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறேன். அவர் கதவைச் சாத்தவில்லை.