பார்க்காமல் வரைந்த முகம்

என் மகள் போனில் பேசுவது மொத்தமே மூன்று வார்த்தை. "ம்", "சாப்ட்டேன்", "வெக்கட்டுமா". நானும் அவள் அம்மாவும் பிரிந்து, அவர்கள் இருவரும் வேறு ஊருக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. முன்பெல்லாம் "வா, போ" என்று என் முதுகில் ஏறி மிதித்தவள் இப்போது "நீங்க" போட்டுப் பேசுகிறாள். மரியாதையாம்! அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும்.

படம் வரைவதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவளுக்கு வாய் திறக்கும். எந்தப் பென்சில் அழுத்தமாக விழும், மூக்கு ஏன் சரியாக வர மாட்டேன் என்கிறது, இப்படி மூச்சு விடாமல் பேசுவாள். நானோ ஃபிரிட்ஜ் மெக்கானிக். எனக்குப் பென்சில் என்றால் காதில் செருகிக்கொள்வது. பிரிந்தபின் முதல் தடவையாக, விடுமுறையில் ஒரு நாள் அவளை என்னிடம் விடுவதாக அவள் அம்மா சொன்னாள். முழுசாக ஒரு நாள் அவளோடு என்ன பேசுவேன்? சலித்துப்போய் "இனிமே அங்க வேணாம்மா" என்று சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. அதனால் படம் வரையக் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்தேன்.

"தலை நரைச்சப்புறம் உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேல?" என்றாள் அக்கா, போனில்.

"வீட்டுல பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? பென்சிலாவது இருக்கட்டுமே" என்றேன்.

செல்போனில் ஒரு தாடிக்காரர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். "கோப்பை, செருப்பு, உங்க இடது கை, எதுவானாலும் சரி, எதிர்ல இருக்கிறத வரையுங்க. முக்கால்வாசி நேரம் பாருங்க, கால்வாசி நேரம் கோடு போடுங்க" என்றார். செருப்பை வரையவா நான் பேப்பர் வாங்கினேன்? அந்தப் பாடங்களையெல்லாம் தள்ளிவிட்டு நேராக முகத்துக்குப் போனேன். மகளின் போட்டோ ஒன்று இருந்தது, அவர்கள் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்தது. முன்பல் விழுந்த வாயைத் திறந்து சிரிப்பாள். வேலை முடிந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் அதையே திரும்பத் திரும்ப வரைந்தேன். முதலில் உருளைக்கிழங்குக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல அவளே வந்துவிட்டாள். கடைசியில் போட்டோவே தேவைப்படவில்லை. சுவரெல்லாம் அந்தச் சிரிப்புதான். அதன் நடுவேதான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சொன்ன நாளில் அவளுடைய மாமா காலையில் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார். அவள் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் நீங்களா வரைஞ்சீங்க?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா?"

சிரித்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. "உட்காரு, உன் கண்ணு முன்னாடியே உன்ன வரையிறேன் பாரு" என்றேன். கை தானாக ஓடியது. கொஞ்ச நேரத்திலேயே முடித்து நீட்டினேன்.

"நல்லாருக்குப்பா" என்றாள். தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ஆனா இது நான் இல்ல."

"என்னடா சொல்ற?"

"எனக்குப் பல்லு முளைச்சு எவ்ளோ நாளாச்சு! நீங்க என்னை நிமிந்தே பாக்கலப்பா."

நிமிர்ந்து பார்த்தேன். பல் வரிசையாக இருந்தது. கன்னத்தின் உப்பல் வடிந்திருந்தது. மோவாயில் ஒரு தழும்பு.

"இது எப்போ?"

"சைக்கிள்லேருந்து விழுந்தேன். தையல் போட்டாங்க."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கல."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. தினமும் இவளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், மடையன்.

புதுத் தாள் எடுத்தேன். பழகின கை பழைய சிரிப்புக்கே ஓடியது, இழுத்துப் பிடித்தேன். தழும்பில் ஆரம்பித்தேன். பார்த்தேன், பார்த்தேன், அப்புறம் ஒரு கோடு. அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன். தையல் போட்ட டாக்டரை எட்டி உதைத்தது, வாய் திறக்க முடியாமல் எல்லாவற்றையும் எழுதிக் காட்டியது என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கீழே கார் ஹார்ன் அடித்தபோது தாளில் இருந்தது ஒரு மோவாயும் கோணலான கீழுதடும்தான்.

"இவ்ளோதானா?" என்று எட்டிப்பார்த்தாள். "பரவால்லப்பா. புதுசா ஒரு போட்டோ அனுப்புறேன், அத வச்சு மிச்சத்த முடிச்சிருங்க."

"போட்டோ வேணாம்." என் குரல் உடைந்துவிட்டது. மறைக்கத் தோன்றவில்லை. "நீ வந்து உட்காந்தாதான்டா முடியும்."

செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தாள். "அம்மாகிட்ட கேக்கணும். இன்னும் ஒரு தடவ வந்தா முடிஞ்சிருமா?"

"அது எப்படி முடியும்? நான் ரொம்ப மெதுவா வரையிறவன்" என்றேன். "ஒரு தடவைக்கு ஒரு காதுதான் வரும்னு அம்மாகிட்ட சொல்லு."