நாற்காலி போட்ட இடம்

அபராத ரசீதில் அச்சாகியிருந்த வேகம் ஐம்பத்தாறு. ஏதோ விமானம் ஓட்டிப் பிடிபட்டவளைப்போல அந்தத் துண்டுக் காகிதத்தை வேன்காரி நாலு தடவை படித்துவிட்டாள். சிறுநீரகம் பழுதான ஆறு பேரை வாரத்தில் மூன்று நாள் வீடு வீடாக ஏற்றி, ரத்தம் சுத்தம் செய்யும் ஆஸ்பத்திரியில் இறக்கி, மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடுவது அவள் தொழில். உரிமத்தில் ஏற்கெனவே இரண்டு கறுப்புப் புள்ளிகள். மூன்றாவது விழுந்தால் ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. ஆறு மாதம் கழித்து அவளுக்காக எந்த ஆஸ்பத்திரி காத்திருக்கும்?

பாலத்துக்கு அந்தப் பக்கம் மாவட்டம், அங்கே அறுபது வரை போகலாம். இந்தப் பக்கம் நகரம், இங்கே நாற்பதுதான். எல்லை பாலத்தின் நடுவில் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். நகரத்துப் பாலமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேகம் காட்டும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பார் ஒரு போலீஸ்காரர். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் நாற்காலிக்காரர். அவர் எங்கே யாரைப் பிடித்தாலும், 'இடம்' என்ற கட்டத்தில் 'பாலத்தின் நடு' என்றே எழுதுவார். மாவட்டப் போலீசும் அப்படித்தான் எழுதும். நடு என்று எழுதினால் எந்தக் கோர்ட்டுக்கும் பொருந்துமே என்ற கெட்டிக்காரத்தனம்.

பொருந்தவில்லை. அவள் வழக்காடப் போனபோது நகரக் கோர்ட் குமாஸ்தா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுன்னா பாதி அவங்களோடது. அங்க போய்க் கேளுங்க."

மாவட்டக் கோர்ட் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "எழுதினது டவுன் போலீசு. நாங்க எப்படி எடுக்கறது?"

"அப்ப புள்ளி விழாதுல்ல, சார்?"

"அது தானா விழுந்துடும். வழக்கு எடுக்கத்தான் ஆள் கிடையாது."

வேனில் பின்னால் சாய்ந்திருந்த தையல்கார அண்ணன், அந்த ஆறு பேரில் ஒருவர், அவள் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு மாட்டிக்கிட்டியேம்மா!" சிரித்தவர் இறங்கும்போது வேன் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பேருந்துப் படி ஏறும் தெம்பு அவருக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தப் பிடிதான் அவளை மறுநாளும் கோர்ட்டுக்குத் துரத்தியது.

மூன்றாம் தடவை நகர மாஜிஸ்திரேட் அம்மாவே அவளைக் கூப்பிட்டார். தலை நரைத்தவர், கறார் பேர்வழி. ரசீதைப் படித்தார், குமாஸ்தாவை முறைத்தார், போனை எடுத்தார்.

"மாவட்டத்து மாஜிஸ்திரேட்டா? வியாழக்கிழமை ஒம்பது மணிக்குப் பாலத்துக்கு வந்துடுங்க. ஆமா, பாலத்துக்குத்தான்." போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார். "நில அளவை ஆபீஸ்ல எல்லை வரைபடம் கேளும்மா. அதை எடுத்துக்கிட்டு அவங்க ஆளையும் வரச்சொல்லு."

நில அளவை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், சுவர் முழுக்க நீளமான தகர இழுப்பறைகள். வரைபடக்காரர் ஒவ்வொன்றாக இழுத்து, கண்ணாடி மேசைமேல் மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினார். ஒவ்வொரு தாளிலும் அதே ஆறு, வேறு வேறு வருஷத்தில். கீழேயிருந்து விளக்கைப் போட்டதும் அவள் மேசைமேல் குனிந்தாள். ஆறு நகர்ந்திருந்தது. நூற்றிருபது வருஷத்தில் படுக்கையில் புரண்டு படுத்ததுபோல நகரத்தைவிட்டு விலகி, வயல்களைத் தின்று, பழைய இடத்தில் மணலை விட்டுப் போயிருந்தது. வேலை நாளெல்லாம் கடக்கிற ஆறு. சாக்கடை அளவுக்குக்கூட அதை அவள் மதித்ததில்லை.

"எல்லை எழுதினப்போ ஆறு இங்க ஓடுச்சு," என்று அடித்தாளில் விரல் வைத்தார் அவர். "ஆறு எங்க போனாலும் கோடு நகராதுன்னு பத்திரத்துலயே இருக்கு. பாலம் அப்புறம் கட்டினது. நடுவுல கோடுன்னு யாரோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டாங்க. நிஜக்கோடு டவுன் பக்கம் தள்ளி விழுது." பிறகு ரசீதின் அடியில், எறும்பு அளவு எழுத்தை உருப்பெருக்கியால் பார்த்தார். "தொலைவு நூத்திநாப்பது மீட்டர்னு மெஷின் அடிச்சிருக்கே, பாக்கலியா? துப்பாக்கி எங்க இருந்துச்சுன்னு தெரிஞ்சா வண்டி எங்க இருந்துச்சுன்னு சொல்லிடலாம். அது தெரியணுமே."

அது தெரிந்த ஆள் ஒருவர்தான். அவர்தான் அவளைப் பிடித்தவர்.

வியாழக்கிழமை பாலத்தின் ஒரு வழியை மறித்திருந்தார்கள். இரண்டு மாஜிஸ்திரேட்டுகளும் அங்கியோடு கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றார்கள். ஒரு வேன்காரியின் ஐம்பத்தாறுக்காக இத்தனை பெரிய மனிதர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று அவள் வேனோரம் ஒதுங்கி நின்றாள். வரைபடக்காரர் பாலம் தொடங்கும் இடத்துக் கல்லிலிருந்து அளந்து வந்து, நாலாவது விளக்குக் கம்பத்தருகே சுண்ணாம்புக்கட்டியால் குறுக்கே கோடு போட்டார்.

"நாற்காலி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார் நகர மாஜிஸ்திரேட். "சுமாரா சொன்னாப் போதும்."

சுமாராக என்றால் ஐந்து மீட்டர் இங்கே, ஐந்து மீட்டர் அங்கே. அந்த ஐந்து மீட்டரில் அவள் பிழைப்பு போய்விடும். 'இந்தப் பக்கம்தான் எங்கியோ' என்று அவர் கையை வீசியிருந்தால் கேட்பார் இல்லை.

நாற்காலிக்காரர் தொப்பியைக் கழற்றினார். "சுமாரா வேணாம்மா. சரியாவே காட்டறேன்." ஓரமாக நடந்துபோய்க் குனிந்து, காலால் மணலைத் தள்ளினார். தாரில் நான்கு சிறு குழிகள். பதினோரு வருஷ வெயிலில் இளகிய தாரில் நாற்காலிக் கால்கள் பதிந்த குழிகள். "ஒரு நாளும் மாத்திப் போட்டதில்ல."

அளவு நாடா ஐம்பது மீட்டர் நீளம். ஒரு தடவை நீட்டினார்கள். இரண்டாம் தடவை நீட்டினார்கள். மூன்றாவதில் நாற்பது. நாடாவின் நுனி சுண்ணாம்புக் கோட்டை நெருங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோட்டைத் தாண்டி நாலு மீட்டர்," என்றது வரைபடக்காரரின் குரல். "வண்டி மாவட்டத்துல இருந்திருக்கு."

"அறுபதுக்கு ஐம்பத்தாறு," என்றார் மாவட்ட மாஜிஸ்திரேட். "குத்தமே இல்லை." நகர மாஜிஸ்திரேட் ரசீதின் குறுக்கே கோடு கிழித்துக் கையெழுத்திட்டார். நாலு மீட்டர். வேன் நீளம்கூட இல்லை. அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கீழே ஆறு ஒன்றும் தெரியாததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் கலைந்தபின் நாற்காலிக்காரரிடம் போனாள். "ஏன் சார் காட்டினீங்க? உங்களுக்குத்தானே கெட்ட பேரு?"

"எழுதினது நான். தப்புன்னா திருத்த வேண்டியதும் நான்தானேம்மா." தொப்பியை மாட்டிக்கொண்டார். "நடுவுக்கும் இந்தக் கோட்டுக்கும் இடையில பிடிச்சவங்க எல்லாருக்கும் கடிதாசு போடணும். ரசீதோட அடிக்கட்டை எல்லாம் வச்சிருக்கேன்."

"பதினோரு வருஷத்துக்குமா?"

"முதல் கட்டுலேருந்து ஆரம்பிக்கணும்."

அவளுக்குச் சட்டென்று ஆசை முளைத்தது. "என் பழைய புள்ளிகூட ஒண்ணு இங்க விழுந்ததுதான் சார்."

"ஞாபகம் இருக்கு. எண்பத்திரெண்டு." அவர் சிரிக்கவில்லை. "அது எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனாலும் நிக்கும்."

அவளுக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் காலையில் ஆறு பேரோடு பாலம் ஏறினாள். புது வேக எல்லைப் பலகை நாலாவது கம்பத்துக்கு வந்திருந்தது. பாலமுனையில் நாற்காலி அதே குழிகளில் நின்றது. துப்பாக்கி தரையில் கிடந்தது. அவர் மடிமேல் எழுதும் அட்டையை வைத்து, பழுப்பேறிய ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு நிறையக் கட்டுகள். அவள் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தாள். முள் நாற்பதுக்கும் கீழே இறங்கி முப்பதில் நின்றது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஏம்மா ஊர்ற?" என்றார் தையல்கார அண்ணன். "இங்கதான் அறுபது போலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சே?"

"தெரியும்ணே," என்றாள் அவள். "அவர் எழுதிட்டிருக்கார். பாத்துக்கிட்டே போறேன்."