தலையில்லாத திருகு

வேணு மாமாவின் பழைய டிராக்டர் மறுபடியும் எங்கள் பட்டறைக்கு வந்தபோது, யாரும் சொல்லாமலே நான் வளையல்களைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன். கியர் பெட்டிக்குள் மணிக்கட்டு தாண்டிப் போகும் கை எங்கள் பட்டறையில் இத்தனை வருடமாக என் கை ஒன்றுதான். என் வீட்டுக்காரரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் கை மேல்மூடித் துளையிலேயே நின்றுவிடும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் என்னை அதிகம் கூப்பிட்டது இதற்காகத்தான். "செல்வி, கை குடு" என்பார். அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடி வருவேன்.

அன்றைக்கு அவர், "ப்ரியா, நீ கை உடு" என்றார்.

மோகனப்ரியா எங்களிடம் சேர்ந்து நாற்பது நாள். ஐ.டி.ஐ. படித்தவள். அம்மையார்குப்பத்தில் தறி வீட்டுப் பெண். அறுந்த இழையைப் பார்க்காமலே பிணைத்துப் பழகிய விரல்கள். என் கையைவிட ஒரு சுற்று சின்னக் கை. முதல் நாளே நான் அதைத்தான் பார்த்தேன்.

"இன்னா செல்வி, உன் வேலைக்கு ஆள் வந்துட்ச்சா?" என்று வேணு மாமா சிரித்தார். அவருக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம். உழவு தொடங்க நாலே நாள் இருந்தது.

"ஆங், வந்துட்ச்சு மாமா. இனிமே நான் டீ போட்டுகினு இருக்க வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ப்ரியாவும் சிரித்தாள். பாவா சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கியர் பெட்டி ஷாஃப்டின் பின்பக்கப் பேரிங் ஊளையிடுகிறது, அதைக் கழற்ற வேண்டும். பேரிங்கைப் பிடித்திருந்த வளையத்தை ப்ரியா அழகாக எடுத்தாள். இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி முறுக்கினாள். ஷாஃப்ட் அசையவில்லை.

"துரு புட்ச்சிருக்கும். தட்டினா வந்துடும்" என்று பாவா பித்தளைக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்தார்.

வராது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு இதே டிராக்டரில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, பேரிங்கே உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வண்டிக்கு வேறு பெட்டி கிடைக்காது. காலிப் பெட்டியை அரக்கோணம் லேத்துக்குக் கொண்டுபோய், பேரிங் உட்காரும் சுவரில் துளை போட்டு மரை வெட்டினோம். தலையில்லாத சின்னத் திருகு ஒன்று பேரிங்கை அழுத்திப் பிடிக்கும்படி ஏற்பாடு. எல்லாம் பூட்டிய பிறகு, ஆயிலுக்குள் விரலாலேயே துளையைத் தேடி அதை முடுக்கியது நான். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் வந்து போனதில் பாவா மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். என்னைத்தான் கேட்கவில்லையே என்று ஜன்னல் ஓரமாகவே நின்றேன்.

முதல் அடி. கெட்டியான சத்தம்.

இரண்டாவது அடியில் சத்தம் மாறியது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்க்கும்போது ஓட்டைப் பானை தருமே, அந்தச் சத்தம். அவருக்குக் கேட்கவில்லை. சுத்தியல் மூன்றாவது முறை மேலே போனது.

"நிறுத்துங்க பாவா. உள்ள திருகு இருக்குது."

ப்ரியாவைத் தள்ளிக்கொண்டு கையை விட்டேன். ஆறுமூலை ஆலன் கீயை வைத்து நாலு சுற்று. திருகு என் உள்ளங்கையில் விழுந்தது. அதன் பிறகு லேசாகத் தட்டியதுமே ஷாஃப்ட் பேரிங்கோடு வெளியே வந்தது.

"அது கையா, கண்ணா?" என்றார் வேணு மாமா.

"உன்ன உட்டா ஆளில்ல செல்வி" என்றார் பாவா. நாற்பது நாளாக நான் காத்திருந்த வார்த்தை. அடுத்து ப்ரியாவிடம் திரும்பினார். "படிச்ச பொண்ணுன்னு உட்டேன். தடவிப் பாக்கத் தெரியாதா? நாளைலருந்து நீ வெளி வேலை பாரு, பெட்டிப் பக்கம் வராத."

"சாரிண்ணா" என்றாள். கண் கலங்கிவிட்டது. யாரும் சொல்லாத திருகை அவள் எங்கே தேடுவாள்?

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் திருகை எடுக்கும்போதே, துளையிலிருந்து கீழே தலைமுடி போல ஒரு கோடு என் நகத்தில் மாட்டியிருந்தது. நான் திருகு முடுக்கிய நாளில் அந்தக் கோடு இல்லை. இப்போது சொன்னால் லேத்தில் பற்றவைத்துவிடலாம். இப்படியே பூட்டினால் வேணு மாமாவின் நிலத்து நடுவில் பெட்டி உடையும். அப்போதும் பழி ப்ரியா மேல்தான் விழும். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மலைக்கோயில் ஒலிபெருக்கியில் யாருடைய பிள்ளையோ தொலைந்துபோனதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாவா புதுப் பேரிங்கின் காகிதத்தைப் பிரித்தார்.

நான் ப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"கை உடு. துளை தெரியுதா? அப்பிடியே கீழ வா. நகம் மாட்டுதா?"

"ஆங்... மாட்டுதுக்கா. கோடு மாதிரி இருக்குது."

பாவாவின் கை நின்றது. "இன்னாது அது?"

"விரிசல். ரெண்டாவது அடியில விழுந்தது. மொத அடிக்கு முன்னாடியே திருகு எனக்கு ஞாபகம் இருந்துச்சு பாவா. சொல்லல."

வேணு மாமா தன் டிராக்டரைப் பார்த்தார். பாவா என்னைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

ப்ரியாவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது.