அழித்த இடம்

கன்னியர் மடமாக இருந்த அந்தக் கட்டடத்தை நகராட்சி கலைக்கூடமாக்கியபோது பெரிதாக எதையும் இடிக்கவில்லை. துறவிப் பெண்கள் படுத்திருந்த சின்னச் சின்ன அறைகளில் படங்களை மாட்டினார்கள். ஜெபக்கூடத்தில் சிலைகளை நிறுத்தினார்கள். பெற்றவர்கள் வந்தால் இரும்புக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்று மகளிடம் பேசிவிட்டுப் போகும் அறையில் டிக்கெட் கொடுத்தார்கள். சுவரில் ஏறும் ஈரத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழைக்காலத்தில் சுண்ணாம்பு உப்பும். படங்களில் திட்டுத் திட்டாக வண்ணம் உதிரும். அதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். மடத்தார் துணி வெளுத்த கூடத்தில் உட்கார்ந்து, ஈரம் தின்ற இடங்களை நிரப்புவது அவள் வேலை. நிரப்பி நிரப்பிப் பழகியதில், படத்தில் எங்கே வெறும் இடத்தைக் கண்டாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

ஊர் ஓவியர்களின் கண்காட்சி தொடங்கும் நாளன்று, கூட்டம் சேர்வதற்கு முன்பே அவன் வந்துவிட்டான். மாட்டியிருந்த படங்களில் ஒன்று அவன் மனைவி வரைந்தது. அவள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. படத்தை இரவல் கொடுக்க ஓடியாடியதெல்லாம் அவள் தம்பி. தம்பி காட்டிய இடத்தில் இவன் கையெழுத்துப் போட்டதோடு சரி. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது அந்த வருஷம் முழுக்க அவனுக்குச் சுலபமாக இருந்தது.

படத்தில் இருந்தது அவர்கள் வீட்டு அடுப்படி. ஜன்னல் வெளிச்சம். மேஜை முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைக்கும் அவன். அடுப்பருகே தன்னையும் அவள் ஒரு நாள் காலையில் வரைந்தாள். நோய் இன்னதென்று தெரிந்துவிட்ட பிறகு வரைந்தது. மத்தியானம் வந்த தம்பி அதைச் செல்போனில் போட்டோ பிடித்துக்கொண்டு போனான். சாயங்காலம், வண்ணம் காய்வதற்குள், ஒரு பழந்துணியால் தன்னை மட்டும் துடைத்து எடுத்தாள். அடுப்பருகே மங்கலாக ஒரு இழுப்புதான் மிஞ்சியது. "இப்பதான் படம் சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அதன் பிறகு அவள் தூரிகையைத் தொடவில்லை.

கண்காட்சி அறைக்குள் நுழைந்தான். அடுப்பருகே அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஒரு கணம் மனசு ஏமாந்தது. பிறகுதான் கரண்டி வலது கையில் இருப்பதைப் பார்த்தான். அவள் இடது கைக்காரி.

"எப்படி மச்சான்? அப்படியே அக்கா, இல்ல?" பின்னால் மச்சினன் நின்றான். முகமெல்லாம் பூரிப்பு.

விசாரித்ததில் விஷயம் வந்தது. மங்கிய இடத்தைப் பார்த்த பழுது பார்ப்பவள் ஈரத்தில் போனது என்று நினைத்திருக்கிறாள். பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். தம்பி செல்போனை நீட்டியிருக்கிறான். போட்டோவில் கை கலங்கித் தெரிந்ததால், எல்லாருக்கும் போல வலது கையே வைத்துவிட்டாள். இவனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பழுது பார்ப்பவளைக் கூப்பிட்டு அனுப்பினான். அவளோடு நிர்வாகியும் வந்தார். பளபளவென்று ஷூ. மேயர் வரப்போகிறார், வாசல் போஸ்டரிலேயே இந்தப் படம்தான், கண்காட்சி முடியட்டும், நிதானமாகப் பேசுவோம் என்றார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று வேறு சொன்னார்.

"உங்க வீட்டம்மாவ நான் ஒரு போட்டோவப் பாத்து வரைஞ்சு உங்க வீட்டுக் கூடத்துல மாட்டட்டுமா சார்? கை மாறிப்போனாலும் பரவாயில்லையா?" என்று அவரிடம் கேட்டான்.

நிர்வாகி ஷூவைப் பார்த்துக்கொண்டார்.

"துடைச்ச இடம்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள் பழுது பார்ப்பவள். தாங்கள் போடும் வண்ணம் கீழே இருப்பதில் ஒட்டாது, மருந்தில் நனைத்த பஞ்சால் உருட்டினால் வந்துவிடும் என்றாள்.

"அப்ப எடுங்க. இப்பவே."

மச்சினன் குறுக்கே வந்து நின்றான். "அம்மா சாயங்காலம் வராங்க மச்சான். அக்கா நிக்கிற படம்னு சொல்லித்தான் வரச் சொல்லியிருக்கேன். அக்காவ ரெண்டாவது தடவ அனுப்பி வைக்கணுமா?"

அடிக்கத்தான் கை எழுந்தது. அதைச் சுவரில் ஊன்றிக்கொண்டான். சுவர் குளிர்ந்து ஈரமாக இருந்தது.

"சாகறப்ப அவள யாரும் எதையும் கேக்கலடா. எந்த ஆஸ்பத்திரி, எத்தன ஊசி, யாரு பாக்க வரலாம், எல்லாம் நாமதான் முடிவு பண்ணினோம். இது ஒண்ணுதான் அவளா செஞ்சது. அதையும் ரொப்பிட்டீங்க."

மச்சினன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

பழுது பார்ப்பவள் புட்டியும் குச்சியில் சுற்றிய பஞ்சும் கொண்டுவந்தாள். படத்தைப் பார்த்தவள் அவற்றை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வெளியாட்கள் படத்தைத் தொடக் கூடாதென்று ஒரு விதி இருப்பதை நிர்வாகி எடுத்துச் சொன்னார். இரவல் கொடுத்தவன் நான்தான், வேண்டுமானால் படத்தைக் கழற்றிக்கொண்டு போய் வீட்டில் வைத்துத் துடைக்கிறேன் என்றான். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"தேய்க்காதீங்க. உருட்டுங்க," என்றாள் அவள்.

கரண்டியில் ஆரம்பித்தான். வலது கை போயிற்று. சேலை போயிற்று. புதிதாக வந்தவள் விலக விலக, அடியில் மனைவியின் இழுப்பு தெரிந்தது. துணியின் நூலிழைகூட வண்ணத்தில் பதிந்திருந்தது. இடமிருந்து வலமாக ஒரே வீச்சு. தயக்கமே இல்லை.

கழுத்துவரை வந்ததும் பஞ்சு நின்றது. அதுவரை நிர்வாகி மேலும் மச்சினன் மேலும் இருந்த கோபம் இப்போது மனைவி மேலேயே திரும்பியது. ஒரே வீச்சில் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். இவன் மட்டும் இங்கே நின்று கொஞ்சம் கொஞ்சமாக உருட்ட வேண்டும்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?" வாசலிலிருந்து திரும்பாமலே கேட்டான் மச்சினன்.

"நான் சொல்லிக்கிறேன்."

படத்தில் மிச்சமிருந்த முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதைக் கீழே போட்டான்.

"வேற பஞ்சு குடுங்க," என்றான்.